நாற்பதுக்கு இரண்டு குறைவு

புதுவயல் மில்லில் ஒரு மூட்டை
என் தோளில் இறங்கிய விதம் சரியில்லை.
அவ்வளவுதான் நடந்தது.
மீதியெல்லாம் காகிதத்தில் நடந்தது.

கூலி ஏட்டில் நான் சேவுகன்.
ஆதாரில் சேவுகப்பெருமாள்.
ரேஷன் அட்டையில் யாரோ அவசரத்தில்
சேவகன் என்று அடித்துவிட்டார்கள்.
மூன்று பேரும் ஒரே ஆள் என்று
வி.ஏ.ஓ. எழுதித்தர வேண்டும்.
மூன்று பேருக்கும் சேர்த்து
ஒரு கைதான் சார் விளங்கல என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

இஎஸ்ஐ இல்லையா என்று எல்லாரும் கேட்கிறார்கள்.
மில் கணக்கில் பன்னிரண்டு பேர்.
நான் பதின்மூன்றாவது.

மேஸ்திரி பத்து வருஷமாக என்னை
‘விளங்காத பயலே’ என்றுதான் கூப்பிடுவார்.
இப்போது பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்.
அது இன்னும் மோசமாக இருக்கிறது.

இ-சேவை மையத்தில் ரேகை வைக்கச் சொன்னார்கள்.
இருபது வருஷம் சாக்கு தேய்த்த விரல்,
கருவி பச்சை காட்டவில்லை.
வேட்டியில் துடைத்து, எண்ணெய் தடவி,
மறுபடி துடைத்து.
‘சுண்டுவிரலை வைங்கண்ணே’ என்றது அந்தப் பொண்ணு.
மூட்டைக்கு ஒருநாளும் உதவாத விரல்
நான்தான் நான் என்று சாட்சி சொன்னது.

முகாமுக்கு முந்தின ராத்திரி
டீக்கடைச் செம்புலிங்கம் யோசனை சொன்னான்:
சவரம் பண்ணாதே. தலை சீவாதே.
பார்க்கிறவனுக்கு மனசு இளகணும்.
உண்ணாமலை காதில் வாங்கவில்லை.
இஸ்திரி போட்ட வேட்டியை எடுத்து
அவளே கட்டிவிட்டாள்.
‘கைதானே போச்சு’ என்றாள்.
நான் இறக்கிய மூட்டைகள் சிந்தும் நெல்லை
இப்போது அவள்தான் அங்கே கூட்டுகிறாள்.
அன்றைக்கு அவளுக்கும் கூலி இல்லை.

கல்லல் வழியாகச் சிவகங்கை.
பெஞ்சு நிறைய ஆட்கள்.
ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் பை,
அதில் அவரவர் உடம்பு, நகலாக.
நாற்பது சதவீதம் வேணும் என்றார்
பக்கத்தில் ஊன்றுகோல்காரர்,
பாஸ் மார்க்கு மாதிரி.

டாக்டர் சின்னப் பையன்தான், களைத்திருந்தார்.
தூக்குங்க.
முடியல சார்.
மடக்குங்க.
மடங்கல.
கிள்ளினார். தெரியவில்லை.
எழுதிக்கொண்டே வந்தார்.

அப்போதுதான் போன கரண்ட் வந்தது.
தலைக்குமேல் ஃபேன் சுற்ற,
மேசையில் கிடந்த என் எட்டு மாத அலைச்சல்
மொத்தமாக எழும்பிப் பறந்தது.
பறந்ததில் ஒன்றை
என் வலது கை பிடித்தது.

நான் பிடிக்கவில்லை, சேவுகமூர்த்தி சத்தியமாக.
அதுவாகப் போனது.
இடுப்பு உயரம்கூட இருக்காது.
இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு ஜெராக்ஸ்.
பார்த்தால் ரேஷன் அட்டை, சேவகன்.
‘அய்யோ, அசையுதுங்க’ என்று
உண்ணாமலை சாமி வந்தவள்போல் கத்திவிட்டாள்.
எனக்குக் கண்ணில் தண்ணீர்.
டாக்டருக்கும் சந்தோஷம், நல்ல மனுஷன்.
சிரித்த முகத்தோடேயே எழுதினார்
முப்பத்தெட்டு.

திரும்பும் பஸ்ஸில்
அந்தக் கையைத் தன் மடியில் வைத்திருந்தாள்.
பிள்ளையின் கையைப் பிடிப்பதுபோலவா,
அகப்பட்ட திருடனின் கையைப் பிடிப்பதுபோலவா,
எனக்குப் பிடிபடவில்லை.
கல்லலில் பஸ் நின்றபோது
வெள்ளரிப்பிஞ்சு வாங்கினாள்.
பாதி தின்றோம். பேசவில்லை.

மேல்முறையீட்டு மனு போட்டிருக்கிறது.
மறுபடி கூப்பிடுவார்களாம்.
அதுவரை பயிற்சி செய்யச் சொல்லி
காரைக்குடி பெரியாஸ்பத்திரியில்
ஒரு ரப்பர் பந்து தந்தார்கள்.
ராத்திரி எல்லாரும் தூங்கினபிறகு
போர்வைக்குள் வைத்து அமுக்குகிறேன்.

நேற்று கொஞ்சம் அமுங்கியது.
உண்ணாமலையிடம்கூடச் சொல்லவில்லை.