ஒரு சுற்றுக்கு ஓர் எதிர்வினை

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி
அனுப்பர்பாளையத்துக் கம்பெனியில்
கட்டிங் மேசை காலியாக இருக்கும்.
அதன்மேல் சாக்பீஸால் கட்டம் போட்டு
ஒரு நிலவறை வரைகிறான் நவநீதன்.
பொத்தான்கள் பூதங்கள். உடைந்த ஊசி ஒரு டிராகன்.
நிலவறைக்கு நடுவே ஆறும் உண்டு;
அதன் தண்ணீர் என்ன நிறம் என்று
திருப்பூரில் யாரும் கேட்பதில்லை.

"கைய ஒசத்தறான்" என்பான், எதிரி மந்திரவாதியை.
"ஒதடு அசையுது. அவ்வளவுதான் உங்களுக்குத் தெரியும்."

அந்த இடத்தில் இரண்டு வழி.
என்ன மந்திரமென்று இனங்காணலாம்:
இருபது முகப் பகடையை உருட்டி
பதினைந்தோடு மந்திரத்தின் படியைக் கூட்டியதை
எட்டினால் பெயர் கிடைக்கும்.
இல்லையென்றால்
எதுவென்று தெரியாமலே முறிக்கலாம்.
இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் செய்ய ஆகாது.
அறிந்துகொண்ட கை
அடுத்த முறை வரும்வரை மடியில் கிடக்கும்.

சௌடேஸ்வரிக்கு முறிப்பதுதான் பிடிக்கும்.
ஓவர்லாக்கில் பழகிய கை,
நூல் அறுவதற்கு முன்பே நின்றுவிடுகிற கால்.
போன மாதம் தன் மூன்றாம் படியைச் செலவழித்து
எதிரி ஏற்றவிருந்த விளக்கை அணைத்தாள்.
வெறும் விளக்கு.
ஏதோ படிக்க வெளிச்சம் தேடியிருக்கிறான், பாவம்.
அடுத்து வந்தது நெருப்புருண்டை.
தெய்வசிகாமணியின் குதிரைவீரன் கருகிப்போனான்.
குதிரையும்.

எனக்கு இனங்காண்பதுதான்.
சாய ஆய்வகத்தில் வேலை.
விளக்குப் பெட்டிக்குள் இரண்டு துண்டுத் துணி:
இது பச்சை, அதில் ஒரு சொட்டு மஞ்சள் கூட
என்று சொல்லிவிட்டு
ஒன்றும் செய்யாமல் இருக்கச் சம்பளம்.

"ஏனுங், நான் பேரைக் கத்தறேன்,
அவ முறிக்கட்டும், ஆகாதா?" என்றேன்.
அரை மணி நேரம் வழக்கு.
மந்திரம் முடிவதற்குள் என் சத்தம்
அவள் காதுக்குப் போய்ச் சேருமா, சேராதா.
இலியாஸ் போண்டாப் பொட்டலத்தைப் பிரித்தான்;
எண்ணெய்க் காகிதம் நிலவறையின் தென்மூலையைக் குடித்தது.
நவநீதன் தீர்ப்புச் சொன்னான்:
"ஒரே ஒரு சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்கப்படாது.
இன்னொண்ணு.
வாயும் கையும் அசையாம வர்ற மந்திரத்த
ஆரும் இனங்காணவும் முடியாது, முறிக்கவும் முடியாதுங்."

செவ்வாய்க்கிழமை பத்தரை.
ஷேடு காட்டத் தையல் தளத்தில் நிற்கிறேன்.
முதலாளி வந்தார். இலியாஸின் மேசையோரம் நின்று
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"தம்பி, ஆர்டர் நெலவரம் உனக்கே தெரியும்..."

பகடை தேவைப்படவில்லை.
கண்ணாடி துடைப்பது முத்திரை.
'உனக்கே தெரியும்' என்பது உச்சாடனம்.
போன வருசம் இதே மந்திரத்தில்
ஏழு பேர் மாயமானார்கள்.
பெயர் தெரிந்தது; தெரிந்ததோடு என் முறை தீர்ந்தது.
ஒரு சொல் மட்டும் பாக்கி.
"உருண்டை" என்றேன்,
தளத்தில் யாருக்கும் விளங்காத மாதிரி.

அவள் நிமிரக்கூட இல்லை.
"சார்! பதினாலாம் நம்பர் மிசின்ல எண்ணெ ஒழுகுதுங்,
பீஸெல்லாம் கறையாப் போச்சுங்!"
முதலாளி திரும்பினார்.
வாக்கியம் பாதியில் நின்று
வெறும் மூச்சாக வெளியேறியது.
பதினாலில் ஒரு சொட்டும் ஒழுகவில்லை.
அவர் வந்து சேர்வதற்குள் அவளே ஒழுகவிட்டாள்.

இலியாஸ் லேபிள் எண்ணிக்கொண்டிருந்தான்.
நூற்றிப் பன்னிரண்டு. நூற்றிப் பதிமூன்று.

வியாழக்கிழமை சாயங்காலம்
அவன் போன் ஒருமுறை அதிர்ந்தது.
யார் உதடும் அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை
போண்டாவோடுதான் வந்தான்.
விதியை மாத்தட்டுமா என்று கேட்டான் நவநீதன்,
சாக்பீஸை விரலில் உருட்டியபடி.
கட்டம் இன்னும் போடவில்லை.
தெய்வசிகாமணி மட்டும் பேசினார்:
"அந்த வெளக்க
அன்னிக்கு எரிய உட்டிருக்கலாம்."