மூன்றாவது குடம்

பாசிக்காரன் எண்ணித் தந்தது
அறுநூற்று நாற்பது.
நாலு நாள் மூச்சடக்கிப் பிடுங்கியது.
ஈரத்தில் ஒட்டிக்கொண்ட நோட்டுகளை
பாம்பன் காற்றில் பிரித்து
இன்னொருமுறை எண்ணினேன். கூடவில்லை.

நேற்று ராத்திரி ரெஜிலா சத்தம் போட்டுப் படித்தாள்:
ஒருவன் ஆப்பிள் தின்கிறான்.
முதல் ஆப்பிளில் இருபது பயன்பாடு,
அடுத்ததில் பதினைந்து,
ஐந்தாவதில் சுழியம்,
ஆறாவதில் திகட்டல்.
சின்னப்பாலத்தில் யாருக்கும்
ஆறாவது வரை போன அனுபவம் இல்லை.

தண்ணீர் என்றால் எனக்கும் புரியும்.
வண்டிக்காரன் குடம் பத்து ரூபாய்க்கு ஊற்றுகிறான்.
முதல் குடம் தொண்டைக்கு.
அதற்கு அவன் நூறு கேட்டாலும்
திட்டிக்கொண்டே கொடுப்பேன்.
இரண்டாவது உலைக்கு.
மூன்றாவது
தலைக்கு.
முடிக்குள் உப்புப் பூத்து, சீப்பு இறங்காமல்
எத்தனையோ வாரம் கிடந்திருக்கிறேன்,
செத்துவிடவில்லை.
அதனால் மூன்றாவது குடம் மட்டும்
எப்போதும் பேரத்தில் நிற்கிறது.

நாகூர்கனி கடை வாசலில்
சங்கத் தவணை முன்னூற்றைம்பதை
முந்தானையில் தனியாக முடிந்தேன்.
அது என் பணமில்லை,
என்னிடம் ஒரு ராத்திரி தங்கிப் போகிற பணம்.
பருப்பு எழுபது. எண்ணெய் எண்பது.
ரெஜிலாவுக்கு நீள நோட்டு மூன்று, தொண்ணூறு.
முதல் இரண்டு குடத்துக்கு இருபது.

மேலே ஆணியில் தொங்கியது
முக்குளிக்கும் கண்ணாடி. நூற்றெண்பது.
என்னுடையதில் பட்டை அறுந்து
ஒரு கையால் முகத்தோடு அழுத்திக்கொண்டு
மறு கையால் பிடுங்குகிறேன்.
பாதிக் கைக்குப் பாதிப் பாசி.
முப்பது ரூபாயோடு அதை அண்ணாந்து பார்ப்பது
கரையில் நின்று குருசடைத் தீவைப் பார்ப்பதுபோல.
நன்றாகத் தெரியும். போக விடமாட்டார்கள்.

அந்த இடத்தில் ஒரு கோடு இருக்கிறதாம்.
ரெஜிலா அளவுகோல் வைத்துப் போட்டிருந்தாள்,
விலைக்கோடு என்று.
ஒரு வளைகோடு வந்து அதைத் தொடும் இடத்தில்
பென்சில் புள்ளி: நுகர்வோர் சமநிலை.
அந்தப் புள்ளியில் நிற்பவளுக்குக்
கால் கடுக்காதா என்று கேட்டேன்.
"அது பரீட்சைக்கு வராதும்மா."

கண்ணாடி வேண்டாம் அண்ணே, பட்டை மட்டும், என்றேன்.
கனி சிரித்துவிட்டுப்
பழைய சைக்கிள் டியூபை விரலகலம் அறுத்துத் தந்தார்.
எட்டு ரூபாய்.

இருபத்திரண்டு.
தேயிலைப் பொட்டலம் பத்து.
பன்னிரண்டு.

இங்கேதான் ரொம்ப நேரம் நின்றேன்.
பத்துக்கு ரெஜிலா கேட்ட பேனா.
பத்துக்கு மூன்றாவது குடம்.
இரண்டும் ஒன்றுதான் எனக்கு
என்று சொல்ல வாயெடுத்தேன்,
தலை அரித்தது.
குடத்துக்கு ஒதுக்கினேன்.
அவள் பேனா இன்னும் எழுதுகிறது,
கிறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

மீதி இரண்டு ரூபாய்க்குச் சில்லறை இல்லையென்று
கனி ஒரு புளிப்பு மிட்டாயை நகர்த்தினார்.
இன்றைக்கு நான் தேர்ந்தெடுக்காமல்
கைக்கு வந்த ஒரே பொருள்.
வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம்.
வலை காயும் திருப்பம் வருவதற்குள்
கடித்து நொறுக்கிவிட்டு
தாளை மணலில்
காலால் புதைத்தேன்.