தப்பான பக்கத்துக் கடல்

இங்கே சூரியன் கடலுக்குள் விழுகிறது.
வந்த அன்று மாலை வெள்ளவத்தைத் தண்டவாளத்தருகே நின்று
அதைப் பார்த்தபோது
வீட்டின் வாசலை யாரோ
கொல்லைப் பக்கம் மாற்றி வைத்ததுபோல் இருந்தது.
அக்கரைப்பேட்டையில் அது கடலிலிருந்து எழும்.
அப்போது அப்பா கரை திரும்பிக்கொண்டிருப்பார்.

நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் நாலு மணி நேரம்.
அங்கிருந்து கொழும்புக்கு ரயிலில் எட்டு.
கடலைத் தாண்டியதைவிட
கரையில் வந்ததுதான் தூரம்.
அம்மா நம்பவில்லை.
வெளிநாடு என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்,
குளிருக்கு ஒரு கம்பளியும் கட்டிக் கொடுத்தாள்.
அதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.
தலையணை உயரம் போதவில்லை.

முதல் வாரம் தமிழில்தான் தடுக்கி விழுந்தேன்.
மேடம் என்கிட்ட ரொம்ப நேரம் பேசினாங்க என்றேன்.
'ஐயோ, ஏன் பேசினவ? என்ன பிழை விட்டனீ?'
பதறினாள் அறைத்தோழி யதுர்சிகா.
பேசினால் திட்டு, கதைத்தால்தான் பேச்சு.

நூற்றைம்பத்தைந்தில் நடத்துனர் என்னை நங்கி என்கிறார்.
நங்கை என்றே என் காதில் விழுகிறது,
நிமிர்ந்து நிற்கிறேன், கூட்டம் நசுக்கும்வரை.
பையன்களை மல்லி என்கிறார்.
ஒவ்வொரு முறையும்
எனக்கு ரசம் கொதிக்கிறது.

சான்றிதழ்க் கோப்பில் பூஞ்சை.
இரண்டு நாளாகியும் காயாத உள்பாவாடை.
முழுநிலவுக்கு விடுமுறை என்று தெரியாமல்
வகுப்பறைப் பூட்டை ஆட்டிப் பார்த்தது.
காவலாளி ஏதோ சொன்னார், வானத்தைக் காட்டினார்.
பகல் வானத்தில் ஒன்றும் இல்லை.

அன்று இரவு நிலா ஜன்னல் கம்பியில் நின்றபோது
கொப்பா என்ன செய்யிறவர் என்று கேட்டாள் யதுர்சிகா.
படகு, என்றேன்.
'என்ன படகு?'
விசைப்படகு.
'இழுவைப்படகோ?'
விளக்கை அணைத்தாள். நிலா அணையவில்லை.

மூன்று நாள்
சாவி எங்கே, தண்ணீர் வருதா, இவ்வளவுதான் கதை.
நாலாம் நாள் தலை துவட்டியபடி சுவருக்குச் சொன்னாள்:
பொலிகண்டியில் ஒரு தை மாதம்
ஒரே இரவில் அவர்களுடைய பதினெட்டு வலை போனது.
அம்மாவின் சங்கிலி அடைவு கடைக்குப் போனது,
இன்னும் வரவில்லை.
எனக்கும் சொல்ல ஒன்று இருந்தது.
அப்பா யாழ்ப்பாணச் சிறையில் இருந்த நாற்பது நாளில்
நான் பிளஸ் டூ எழுதினேன்.
சொல்லவில்லை.
துவட்டி முடிக்கட்டும் என்று இருந்தேன்,
அவளுக்கு முடி நீளம்.

வியாழக்கிழமை
இருவரும் மீன் வாங்கப் போனோம்.
வஞ்சிரம் என்றேன்.
அறக்குளா என்றாள்.
தோரா என்றார் மீன்காரர்.
விலை மட்டும் எங்கள் இருவருக்கும் உடனே விளங்கியது.
பக்கத்துத் தட்டில் குவிந்து கிடந்த சாளைக்குக் கை நீட்டினோம்.
சாளைக்கு அவர் சொன்ன பெயரும்
கிட்டத்தட்ட சாளைதான்.

வீட்டுக்கார அன்ரி வெளியே போயிருந்தார்.
எண்ணெய் காயும்போது, என்னைப் பாராமல்:
'வலைக்கண் எத்தனை அங்குலம்
கொப்பா பாவிக்கிறவர்?'
தெரியாது.
'மகள்தானே? கேள்.'

அழைத்தேன். ஸ்பீக்கரில் போட்டேன்,
கையெல்லாம் மஞ்சள்தூள்.
அப்பாவுக்குப் பின்னால் கடல் இரைந்தது,
சரியான பக்கத்துக் கடல்.
கேள்வியைக் கேட்டதும் கொஞ்ச நேரம்
அது மட்டும் இரைந்தது.

'யாரு கேக்கறது?'
கூட இருக்கிற பொண்ணு.
'எந்த ஊரு?'
பொலிகண்டி.

'தெரியும்' என்றார் அப்பா.
'ராத்திரியில
அந்த ஊரு லைட்டு நல்லாத் தெரியும்.'

யதுர்சிகா
மீனைத் திருப்பிப் போட்டாள்.