வால் பகுதி

"இத நம்ம அரிச்சந்திராவுல பாத்துருக்கேன்"
என்று போனை நீட்டினான் டிராக்டர் மாசிலாமணி.
பல்லி மாதிரி, ஆனால் செதில் இல்லை.
தவளை மாதிரி, ஆனால் வால் உண்டு.
சாலமாண்டர் என்று படத்தின் கீழே போட்டிருந்தது.
வடகிழக்கு மலையை விட்டு அது இறங்காது என்றேன்.
நாலு பரோட்டா பந்தயம் என்றான்.

ஷட்டர் பார்க்கிற வேலை எனக்கு,
தலைஞாயிறுக்குக் கிழக்கே
வாய்க்காலுக்குத் தன் பெயரே மறந்துபோகிற இடத்தில்.
மேட்டூர் திறந்து பதினேழு நாள்.
தண்ணீர் இன்னும் கச்சனம் தாண்டவில்லை.

டார்ச்சோடு இறங்கினோம்.
பம்பு ரூமுக்குப் பின்னால்
செங்கலைப் புரட்டினால் நட்டுவாக்காலி.
பனந்துண்டின் அடியில் அரணை:
எங்களைப் பார்த்தது,
ஏதோ செய்ய நினைத்தது,
மறந்துவிட்டது.
நெய்வேலிக் காட்டாமணக்குப் புதரில்
ஒரு தண்ணீர்ப் பாம்பு, தண்ணீர் இல்லாமல்.
"இதுக்குக் கால் இருந்தா ஒத்துக்குவியா?"

பதினொன்றரை இருக்கும்.
ஷட்டரின் காலடியில்
போன மாத மழை விட்டுப்போன
ஒரு தாம்பாளத் தண்ணீர்.
அதன் விளிம்புச் சேற்றில்
உட்கார்ந்திருந்தது
நகத்தளவு.
நாலு கால்.
வால்.
ஈரத் தோல், செதில் இல்லை.

மாசிலாமணி கத்தவில்லை.
டார்ச்சை மட்டும் தாழ்த்தினான்.

தவளைக் குஞ்சுதான்.
தலைப்பிரட்டையும் இல்லை, இன்னும் தவளையும் இல்லை.
வாய் மாறிக்கொண்டிருக்கும் இந்த நாட்களில்
எதையும் தின்ன முடியாது அதற்கு.
தன் வாலையே கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து
உயிரோடு இருக்கும்.
குட்டை வற்றுவதற்குள்
வால் தீர்ந்து, கால் பழகி, தாண்டிவிட வேண்டும்.

இதையெல்லாம் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

ஆபீஸ் வரைபடத்தில் எங்கள் ஊர்களை
டெயில் எண்ட் என்று குறித்திருக்கிறார்கள்.
போன குறுவை காய்ந்தபோது மாசிலாமணி
வண்டிக்குப் பின்னால் இருந்த டிரெய்லரை விற்றான்.
இப்போது முன்பாதியை மட்டும் ஓட்டுகிறான்.

"சரி, நீ ஜெயிச்ச" என்றேன்.
எங்கள் ஊரில் சாலமாண்டர் உண்டு.
இரண்டு நாளைக்கு.

பரோட்டாக் கடை மூடியிருந்தது.

காலையில் பதிவேட்டில்
நீர்மட்டம் பூஜ்யம் என்று எழுதினேன்.
தாம்பாளத்தை எழுத
அதில் கட்டம் இல்லை.