ஐந்நூறு லிட்டர்

கண்காட்சிக்கென்று தங்கை கேட்டது
எங்கள் மொட்டைமாடித் தொட்டியை.
நான் பிளம்பர்.
ஓட்டையைக் கண்டால் கை சும்மா இருக்காது.
ஏழு வருடமாய் இதை மட்டும்
அவள் தொட விடவில்லை.

தெஹீஷா முகாமிலிருந்து ரமல்லாவுக்கு
நெருப்புப் பள்ளத்தாக்கு வழியே
பிக்கப்பின் முதுகில் கட்டிக் கொண்டுபோனேன்.
சாவடியில் சிப்பாய்
டார்ச்சோடு தலையை உள்ளே விட்டான்.
என்ன இது?
தொட்டி.
காலியாக இருக்கிறதே?
ஆமாம் என்றேன்.
அதற்குமேல் சொல்ல என் ஹீப்ரு போதாது.

துமாதிர் உள்ளே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டாள்.
குண்டு போட்ட ஏழு கண்ணிலும் வெளிச்சம்.
இருட்டிய மண்டபத்தின் சுவரில்
ஏழு பொட்டு.

கண்ணாடி போட்டவர்
அழிந்த ஊர்களின் வரைபடம் என்றார்.
பாடையின் புதல்விகள் என்றாள் ஒரு மாணவி;
வடக்கே தெரியும் அந்த ஏழு மீனுக்கு
எங்கள் பக்கம் அப்படித்தான் பெயர்.
எனக்குத் தெரிந்தது வேறு:
இது முன்திர் கல்யாணத்துக்கு முந்தின இரவு.
இது நான் பரீட்சைக்குப் போகாத விடியல்.
உச்சியில் இருப்பது
எப்போது விழுந்ததென்றே தெரியாது,
தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறினால்தானே.

வெளிநாட்டுக்காரர் ஒருவர் கேட்டார்:
கொடி இல்லை, சாவி இல்லை,
ஒரு ஒலிவக் கிளைகூட இல்லை,
இதில் உங்கள் தேசம் எங்கே?
துமாதிர் ஒயரைச் சரிசெய்யப் போய்விட்டாள்.
நான்தான் வாயை விட்டேன்.

எங்கள் மாடிக்கு வாருங்கள் ஐயா.
எதிர்க்குன்றில் சிவப்பு ஓடுகள்,
ஒன்றின்மேலும் தொட்டி கிடையாது,
அங்கே குழாய் திறந்தால் தண்ணீர்.
இந்தப் பக்கம் வீட்டுக்கு மூன்று, நான்கு
கறுப்பாய் நிற்கும்.
எந்தக் கூரை யாருடையதென்று
காக்கைக்குக்கூடத் தெரியும்.

அவர் குறித்துக்கொண்டார்.
என் பெயரைக் கேட்கவில்லை.

கண்காட்சி முடிந்ததும்
கீழ்வீட்டு உம்மு வத்தாஹ் வந்து நின்றாள்:
அந்தக் கலை சும்மாதானே கிடக்கிறது,
எனக்குக் கொடுங்களேன்.

பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டினேன், ஆறு ஓட்டை.
உச்சியிலிருப்பதை விடு என்றாள் துமாதிர்.
அது ஒழுகினால் தொட்டி நிறைந்ததென்று அர்த்தம்.

உம்மு வத்தாஹ் அதன் நேர் கீழே
துளசிச் சட்டியை நகர்த்தி வைத்திருக்கிறாள்.
தண்ணீர் வந்து
இன்றோடு பதினெட்டு நாள்.