மூன்றாவது கம்பம்

திம்மராயன் சொன்னது ஒன்பது மணி.
கட்டிங் பிளேயரைப் பல்லில் கடித்துக்கொண்டு
காவேரிப்பட்டணம் பாலத்துக்கு இந்தப் பக்கம்
மூன்றாவது கம்பத்தில் ஏறி உட்கார்ந்திருந்தேன்.
கைக்கெட்டும் தூரத்தில் மாதப்பனின் கேபிள்,
முந்நூற்று நாற்பது வீடு.

எதிரே தையற்கடை ஜன்னல்.
மெஷின் மிதியில் காலை மறந்துவிட்டு
முபீனா டப்பிங் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள்.
இரண்டு சாம்ராஜ்ஜியம், நடுவே
யாருக்கும் சொந்தமில்லாத ஒரு விண்நிலையம்.
மூன்று இமைத் தூதர் மேசையில் கையூன்றி எழுந்தார்.
கண்ணாடிக்கு வெளியே கப்பல்கள்,
கூழ் ஆலை வாசலில் மாங்காய் லாரிகள் நிற்பதுபோல்
விளக்கணைத்து, வரிசையாய்.

போன வாரம் லாட்ஜ் மாடியில்
திம்மராயனும் அப்படித்தான் எழுந்தார்.
அந்தக் கரை உனக்கு, இந்தக் கரை எனக்கு என்று பேச்சு.
தென்பெண்ணையில் தண்ணீரே இல்லை,
எதற்குக் கரை?

ஒன்பது. ஒன்பது அஞ்சு.
"நாங்கள் போரை விரும்பவில்லை" என்றார் தூதர்,
எங்கள் பக்கம் யாருமே பேசாத சுத்தத் தமிழில்.
அப்படி ஆரம்பிப்பவர்கள்
அடுத்து என்ன சொல்வார்கள் என்று தெரியும்.
ஆனாலும் கேட்க வேண்டியிருந்தது.
சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்தது.
விட்டு, மறுபடி அதிர்ந்தது.

"ஆனால்" என்றார்.

வெட்டினேன்.

பெட்டி முழுக்க நட்சத்திரமாய் இரைச்சல்.
முபீனா ஜன்னலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள்.
திட்டுவாள் என்றுதான் நினைத்தேன்.
"அப்புறம் என்னா ஆச்சு? உனக்குத் தெரியுமா?" என்றாள்.

விடிவதற்குள் எங்கள் ஒயரில் ஏழு வெட்டு.
பாலத்துக்கு இரண்டு பக்கமும்
அந்த ஆனாலுக்கு மேல்
யாரும் பார்க்கவில்லை.