தரவு போதவில்லை

பதினேழாம் கொண்டை ஊசி வளைவில்
முதல் மழைக்கு மறுநாள்
டயர் தடத்தோடு ஒட்டிக் கிடந்தது.
எண்ணிக்கை ஒன்று. நிலை: இறந்தது.
நீளம் இருபத்தொரு சென்டிமீட்டர்.
படிவத்தில் நான் நிரப்பிய முதல் வரி அது.

வாலைத் தொட்டால் அரம்.
சீவி எறிந்தது போன்ற அந்த மொட்டை முனையில்
ஒரு பொட்டு மண் காய்ந்திருந்தது,
உள்ளே போனவர் சாத்திக்கொண்ட கதவு மாதிரி.
கதவு மட்டும் நசுங்கவில்லை.

நாகலூர் எஸ்டேட்டில் மிளகுக்குக் குழி வெட்டும் சடச்சி
படத்தைப் பார்த்ததும் சிரித்தாள்.
"இதா? கடிக்க வாயே பத்தாது.
மண்புழுவுக்குத்தான் இது எமன்."
வருசத்துக்கு எத்தனை பார்ப்பீர்கள் என்றேன்.
"மம்முட்டியில வெட்டுப்பட்டதையா, படாததையா?"

என் படிவத்தில் அப்படி இரண்டு கட்டங்கள் இல்லை.

சூரமங்கலத்து மாடி அறையில் கணினி கேட்கிறது:
அழியும் நிலையா, அருகி வருகிறதா,
கவலைப்பட ஏதும் இல்லையா?
ஒன்றைச் சொடுக்காமல் அடுத்த பக்கம் திறக்காது.
ஜன்னலுக்கு வெளியே சேர்வராயன் மலை,
புகைமூட்டத்தில் பாதி.
இந்த உயிருக்கு அது ஒன்றுதான் உலகம் என்கிறார்கள்;
அதிலும் இலைமக்குக்குக் கீழே
ஒரு சாண், இரண்டு சாண்.
ஞாயிற்றுக்கிழமை அந்த உலகத்தின்மேல் ஏறும் கார்களை
சோதனைச் சாவடியில் எண்ணி வைத்திருக்கிறார்கள்.

போன வாரம் மஞ்சக்குட்டையில்
நீச்சல் குளத்துக்குத் தோண்டிக்கொண்டிருந்த மாதேஷ்
ஜேசிபியை அணைத்துவிட்டுப் போன் செய்தான்.
"அக்கா, பக்கெட்ல ஒன்னு நெளியுது.
வயிறு கனமா இருக்கு. ஓனர் வர்றதுக்குள்ள வாங்க."
நான் போய்ச் சேர நாற்பது நிமிடம்.
அதுவரை ஈரச்சாக்கு போர்த்தி
பக்கத்திலேயே குந்தியிருந்தான்,
பீடிகூடப் பற்றவைக்காமல்.

வெயில் பட்டதும் கருப்புக்குள்
நீலமும் பச்சையும் ஓடின, சிந்திய டீசல்போல.
எடை போட்டோம். ஓடை தாண்டி
சில்வர் ஓக் நிழலில் இறக்கிவிட்டோம்.
தலை நுழைந்தது, உடம்பு நுழைந்தது,
வால் கொஞ்ச நேரம் வெளியே நின்றது.
பிறகு அதுவும் மண்.

ஒன்று என்று எழுதினேன்.
வயிற்றில் இருப்பவற்றை எழுத இடம் தேடிக்கொண்டிருந்தபோது
மாதேஷ் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.
"நாளைக்கு மிச்சக் குழிய வெட்டணும்க்கா.
உள்ள இன்னும் இருக்குமா?"

தெரியாது என்றேன்.
ராத்திரி சூரமங்கலத்தில்
அதையேதான் சொடுக்கினேன்.